கூடுவாயில் அடைத்த தார்

மழை பெய்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வெள்ளத்துரையின் கூடத்தில் தண்ணீர் சொட்டியது.

சொட்டு விழுகிற இடத்தில் அவர் மனைவி ஞானசெல்வி ஒரு வெண்கலக் குண்டானை வைத்துவிட்டு, தெருவில் ஆளுக்கொரு காரணம் கேட்டு வந்தாள். பூனை என்றார்கள். பனி என்றார்கள். புரட்டாசி வெயிலில் ராயபுரத்தில் பனி பெய்வதாகச் சொன்னவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் யாரும் மறுக்கவில்லை. வெள்ளத்துரை மட்டும் குண்டானில் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தார். மழைத்தண்ணீரின் வாசனை இல்லை. ஊறிப்போன மண்சுவரின் வாசனை. அன்று அவர் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை.

அவர் வீட்டு ஓட்டுக்கூரையும் பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரையும் சரிந்து வந்து சேருகிற பள்ளத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு நீளமான தகரக் கூடுவாய் ஓடியது. ஒரு சாண் ஆழம். இரண்டு கூரை மழையும் அதில் விழுந்து தெருப்பக்கம் கொட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது வெள்ளத்துரையின் பக்கம் ஒழுகியது. படகுக்காரர்களுக்குக் கயிறும் தாரும் விற்கிறவர் அவர்; 'ஒரு தடவை பூசினால் ஆயுசுக்கும் ஒழுகாது' என்று கடையில் பலகையே மாட்டியிருந்தார். மேலே ஏறினார். ஓட்டையைத் தேடிப் பிடிக்கச் சோம்பல். ஒழுகுகிற இடத்துக்குத் தண்ணீரே வராமல், அதற்கு முன்னால் கூடுவாயின் குறுக்கே சாக்கையும் தாரையும் குழைத்து ஓர் அணை கட்டினார். தேங்குகிற தண்ணீர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பக்கம் தகரத்தின் விளிம்பு இரண்டு விரல் தணிவு.

அந்த வீட்டில் வேம்பு இருந்தாள். திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனி வேலை. தனி ஆள். மண்சுவர். அந்த வருஷப் புயல் மழையில் பகலே இருட்டிய ஒரு நாள், அவள் நடுச்சுவரைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, கூடுவா அடச்சிகினு கீது போல. வூடெல்லாம் தண்ணி. கொஞ்சம் ஏறிப் பாருங்க அண்ணாச்சி."

வெள்ளத்துரை கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. "யாரோ தட்டுதாங்களே" என்று ஞானசெல்வி சொன்னபோது, "காத்து" என்றார். நாலு தடவை தட்டினாள். ஐந்தாவதாகக் கேட்டது அவள் மண்சுவர் விழுந்த சத்தம்.

சாவு வீட்டில் முதல் ஆளாக நின்றவர் அவர்தான். பாடைக்குத் தோள் கொடுத்தார். தெரு நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், மண்சுவர்களின் ஆபத்தைப் பற்றி கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதினார். நல்ல நடை என்று எல்லோரும் பாராட்டினார்கள். சங்கம் அவருக்குச் சால்வை போர்த்தியது. அந்தச் சால்வை பெட்டிக்குள் இருந்து வெளியே வந்ததே இல்லை. பெட்டியைத் திறந்தாலே அவருக்குக் காது சுடும்.

இப்போது கூரையையும் கூடுவாயையும் தொடாமல் அந்த வீட்டுச் சுவரை மட்டும் செங்கல்லில் எடுத்துக் கட்டி, துறைமுகத்தில் வேலை பார்க்கிற மஜீது குடியிருந்தான். நல்ல பையன். அதுதான் தொல்லை.

"இன்னா அண்ணாச்சி, வூடு ஒழுவுதாமே? பேஜார வுடுங்க. நாளிக்கு லீவு, நானே ஏறி பழசெல்லாம் நோண்டிப் போட்டுர்றேன்."

"வேண்டாம் தம்பி. நானே பாத்துக்கிடுதேன்."

மஜீது ஏறினால் அணையைப் பார்ப்பான். பார்த்தால் புரியும். குறுக்கே கட்டிய தாரைப் பூனை கட்டியது என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, மஜீது வேலையிலிருந்து திரும்புமுன், உளியும் சுத்தியலுமாக வெள்ளத்துரை ஏணியில் ஏறினார். "இந்தத் தொந்திய வச்சிக்கிட்டு எதுக்கு இந்தக் கொரங்கு வேல?" என்று கேட்டபடி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஞானசெல்வி, அடுப்பில் பால் என்று உள்ளே போய்விட்டாள்.

மேலே ஓடுகள் சுட்டன. துறைமுகத்திலிருந்து நிலக்கரிப் புகையும் கடற்கரையிலிருந்து கருவாட்டு வாடையும் மாறி மாறி வர, கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற சத்தம் தொலைவில் உருண்டு ஓய, கூடுவாய் முழுக்கச் சருகும் காக்கை எச்சமும் பொருக்குத் தட்டிக் காய்ந்து கிடக்க, நடுவில் அந்த அணை மட்டும் இப்போதுதான் பூசியதுபோல் ஈரமாகப் பளபளத்தது. மூன்று வருஷ வெயிலில் தார் பாளம் பாளமாக வெடித்திருக்க வேண்டும். தார் விற்கிறவருக்குத் தெரியாதா? அதன்மேல் அவருடைய நாலு விரலும் இழுத்த தடம் அப்படியே இருந்தது.

உளியை வைத்துத் தட்டினார். சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. நெம்பினார். சாக்கு நார் இழையிழையாகப் பிரிந்து, ஒரு பாளம் பெயர்ந்து கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தார்.

அடிப்பக்கத்திலும் விரல் தடங்கள். ஒரு பெண்ணின் சின்ன விரல்கள். உள்ளேயிருந்து தள்ளியவை. நாற்பது, ஐம்பது இருக்கும்.

உளி நழுவி எங்கோ விழுந்தது. பெயர்த்ததை அவசரமாகத் திரும்ப வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். மறைத்துவிட்டால் போதும்.

தார் அவர் கையை வாங்கிக்கொண்டது.

மணிக்கட்டு. முழங்கை. ஒரு சாண் ஆழம்தான். அடியில் தகரம் இருக்க வேண்டும். இல்லை. தண்ணீர் இருந்தது. குளிர்ந்த தண்ணீர். விரலில் ஏதோ மிதந்து வந்து இடித்தது. சோற்றுப் பானை. பிறகு ஒரு பாய்.

"அண்ணாச்சி!" கீழே தெருவில் மஜீது, சாப்பாட்டுத் தூக்கோடு. "இன்னா, மேல படுத்துகினு கீறீங்கோ? மாட்டிக்கினீங்களா? வரட்டா?"

வா என்ற ஒரு சொல் போதும். நாலே எட்டில் மேலே வந்துவிடுவான். வந்தால் பார்ப்பான். வெள்ளத்துரைக்கு முகம், காது, கழுத்து எல்லாம் சுட்டது. தோள்பட்டை வரை கை போயிருந்தது. கன்னம் தகரத்தில் பதிந்திருந்தது.

சிரித்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. வேல முடிஞ்சிட்டு. நீ போயி குளி."

"உசாரு அண்ணாச்சி." மஜீது உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

தாருக்கு அடியில், தண்ணீருக்குள், இரண்டு கைகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன. இறுக்கமாக இல்லை. ஒருவழியாக ஆள் வந்துவிட்டார் என்று பிடிக்கிற பிடி. மெதுவாக அவர் உள்ளங்கையைத் திருப்பின. எதன்மேலோ வைத்து அழுத்தின.

சுவர். கூழாக ஊறிய சுவர்.

அது அவர் கையின்மேல் சாயத் தொடங்கியது.