குளிர்ந்தால் மட்டும் கடகட

மலேசியாவின் கிள்ளானில் குளிர் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நவம்பரில் இரவெல்லாம் மழை கொட்டி விடிந்தால், வாணிக்குப் போர்வையை விட்டு வெளியே வர மனமே வராது. அம்மா உஷாராணியின் பள்ளி வேனும் அப்படித்தான். சாவியைத் திருகியதும் உடம்பெல்லாம் நடுங்கி, 'கடகடகட' என்று சத்தம் போடும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும்.

எதிர்வீட்டு புனிதா ஆன்டியின் மகளும் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள். ஆன்டி தினமும் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியேவிட்டார்.

"பிள்ளைங்க போற வண்டி உஷா. சீக்கிரம் சரி பண்ணிரு. இல்லன்னா நான் வேற வேன் பார்த்துக்கிறேன்."

மற்ற அம்மாக்களும் அதையே முணுமுணுத்தார்கள். வேன் ஓடினால்தான் வாணியின் வீடு ஓடும். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டி பழுதுபார்க்கும் போர்மேன் இல்யாஸின் பட்டறைக்கு இரண்டு முறை வேனை ஓட்டிப் போனார்கள். அங்கே போனதும் வேன் பரம சாதுவாகிவிட்டது. பல் டாக்டரைக் கண்டதும் பல்வலி ஓடிப்போகுமே, அதைப் போல. இல்யாஸ் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். வேண்டுமானால் சில நாள் விட்டுப் போங்கள், இஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறேன் என்றார். அத்தனை நாள் வேறு வேனில் போகும் பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்று அம்மாவுக்குப் பயம்.

வாணிக்கோ வேறு யோசனை. காலையில் கத்துகிற வண்டி பட்டறையில் ஏன் வாயை மூடிக்கொள்கிறது?

சனிக்கிழமை காலை நல்ல மழை. வேனை ஓட்டாமல், சும்மா ஸ்டார்ட் மட்டும் செய்யும்படி அம்மாவிடம் கேட்டாள். இருக்கையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நடுக்கம் வந்தது, சத்தமும் வந்தது. இஞ்சின் சூடாகச் சூடாக நடுக்கம் குறைந்தது, சத்தமும் குறைந்தது. நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். இந்தத் தடவை நடுக்கமும் இல்லை, சத்தமும் இல்லை.

வாணிக்குத் தன் பென்சில் டப்பா நினைவுக்கு வந்தது. அதுவும் ஆட்டினால்தான் சத்தம் போடும்.

"அம்மா, இஞ்சின் கத்தலை. அது ஆடுறப்போ வேற ஏதோ உருளுது."

அந்த வேனில் இஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. அம்மா வண்டியை நிறுத்தி, சூடு ஆறியதும் இருக்கையைத் தூக்கினார். வாணி டார்ச் அடித்தாள். ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால், மூலையில், கறுப்பாக ஏதோ உருண்டையாகக் கிடந்தது. அம்மா எடுத்துத் தகரத்தில் தட்டினார். 'கட்' என்றது. மோந்து பார்த்தார்.

எலுமிச்சம்பழம்! காய்ந்து கல்லாகியிருந்தது.

சரஸ்வதி பூஜையன்று நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்கினார்கள். இஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு மட்டும்தான் வைத்தார்கள். பிறகு இது எப்படி உள்ளே போனது? அம்மா திரும்பிப் பார்த்தார். வாணியின் ஐந்து வயதுத் தம்பி ஜீவன் கதவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டிருந்தான்.

"எல்லா டயருக்கும் குடுத்தீங்க," என்றான் மெல்ல. "இஞ்சினுக்கு மட்டும் குடுக்கலை. பாவம்லா."

திட்ட வாயெடுத்த அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பல நாளைக்குப் பிறகு அன்று வயிறார இடியாப்பம் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையும் மழை. வேன் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். புனிதா ஆன்டி குடையுடன் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சத்தத்தையே காணோமே. என்னதான் கோளாறு?"

ஜீவன் அக்காவின் சட்டையை இறுகப் பிடித்தான்.

"உள்ள ஒண்ணு உருண்டுகிட்டு இருந்துச்சு ஆன்டி. எடுத்துட்டோம்," என்றாள் வாணி.

ஆன்டி இன்னும் கொஞ்ச நேரம் இஞ்சினுக்குக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மகளின் பையை வேனுக்குள் வைத்து, அவளையும் ஏற்றிவிட்டு, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.