பழுக்கும் மூச்சு

குளிர்காலத்தில் முலாம்பழக் கூடத்திலிருந்து வாசம் வரக்கூடாது. அன்று வந்தது.

அடுப்பில் தேநீர் கொதித்தது, ரொட்டி மணத்தது; இருந்தாலும் தேனும் ஈரமண்ணும் கலந்த அந்த இனிப்பு வாசம்தான் சமையலறை முழுக்க நின்றது. இந்திசோர் அடுப்பை விட்டு நிமிர்ந்தாள். வீட்டை ஒட்டிய மண்சுவர்க் கூடத்தில், ஜன்னலே இல்லாத இருட்டில், கோரைப்புல் உறிகளில் தொங்கும் பச்சைப் பழங்கள் வசந்தம் வரை தூங்கவேண்டும். கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள், அதை ஒட்டித்தான் மகள் சனோபரின் படுக்கை. மூன்று கர்ப்பம் கலைந்தபின் தங்கிய ஒரே பிள்ளை, ஆறு வயது.

ஊர்கெஞ்ச் நகரச் சந்தைக்குப் போயிருந்த கணவன் குவாந்திக்கைப் போனில் கூப்பிட்டு, வாசம் வருவதைச் சொன்னாள்.

"ஏ புள்ள, ஆப்பிள் எதையாச்சும் கூடத்துல வெச்சுத் தொலைச்சியா?"

"நான் என்ன கிறுக்கியா?"

பொய். இருமும் மகளுக்கு வேகவைத்துக் கொடுக்க வாங்கிய ஆப்பிள்கள் வெளியே உறைந்துவிடும் என்று கூடத்துக் கதவுக்குப் பின்னால் பையோடு மாட்டியிருந்தாள். ஆப்பிள் தின்ற வாயோடுகூட யாரையும் கூடத்துக்குள் விடாத ஊர் அது. எந்த அசட்டுத் தைரியத்தில் செய்தாளோ!

"பழுத்தது மூச்சு விடும்டீ. காலேஜ்ல எத்திலீன் வாயுன்னாங்க, நம்மாளுங்களுக்கு மூச்சுதான். அது பட்டா பக்கத்துக் காயி தன் நேரம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கும். பழுத்து, அதுவும் மூச்சு விடும். செடியில பட்டா இலையே உதிரும். ஒண்ணு ஆரம்பிச்சா நிக்காது, போய்ப் பாரு."

விளக்கோடு உள்ளே போனாள். குளிரும் கூடத்தில் வெதுவெதுப்பாக ஏதோ முகத்தில் பட்டது, வாசம் தொண்டையில் பாகாய் இறங்கியது, உறிகள் காற்றில்லாமலே மெல்ல முறுகும் ஓசை தலைக்கு மேல் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாப் பழமும் மஞ்சளாகிவிட்டது. ஒன்றைத் தொட்டாள், விரல் உள்ளே போய்விட்டது. ஆப்பிள் பையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி, வாய்க்காலுக்கு அப்பால் வீசி எறிந்தாள். கணவன் திட்டுவதைத் திட்டட்டும், பழம் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குள் திரும்பினாள். வாசம் குறையவில்லை. சமையலறையைவிட நடையில் அதிகம். நடையைவிட மகளின் அறையில் அதிகம்.

"அம்மா, இருமல் போயிடுச்சு," என்றாள் சனோபர், சுவரில் முதுகைச் சாய்த்தபடி. "சுவரு சூடா இருக்கு. நல்லா இருக்கு."

கணுக்காலை மூடும் கவுன் முழங்காலுக்கு ஏறியிருந்தது. கன்னத்தில் ஒரு மஞ்சள் பூத்திருந்தது. இந்திசோர் குனிந்து மகளின் கழுத்தை முகர்ந்தாள். அங்கிருந்துதான் வந்தது.

தலையைத் தடவினாள். பின்னல் கையோடு வந்துவிட்டது. இழுக்கவில்லை. சத்தியமாக இழுக்கவில்லை. வேரில் ரத்தமும் இல்லை.

"வலிக்குதாடா கண்ணு?"

"இல்லம்மா. என் நேரம் வந்துருச்சா?"

குரல் ஆறு வயதுக் குரல் அல்ல.

வாரி எடுத்தாள். ஓடினாள். முற்றம். பனி. குளிர் பட்டால் நின்றுவிடும், பழம் குளிரில் நிற்குமே, நின்றுவிடும், நின்றுவிடவேண்டும். இடுப்பில் கிடந்த கால்கள் கனத்தன. நீண்டன. முழங்கால் வரை தொங்கின. பின் பனியில் உரசின. கழுத்தைச் சுற்றியிருந்த கைகளின் தோல் தளர்ந்து சுருங்கியது. காதோரம் வெதுவெதுப்பான மூச்சு.

அந்த மூச்சுப் பட்ட இடமெல்லாம் இந்திசோரின் தோல் தளர்ந்தது. கன்னம். தோள். விரல்கள்.

இறக்கிவிட்டால் தான் பிழைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. பெற்ற வயிறு கேட்கவில்லை. இன்னும் இறுக்கி அணைத்து, அந்த இனிப்பை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

வெள்ளைப் பனியில் இரண்டு கிழவிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி, இன்னொருத்தியிடம் "அம்மா, தூக்கிக்கோ" என்றாள்.