ஓடாத நான்கு சிவப்பு லாரிகள்

சிந்தாமணி அட்டைப்பெட்டியைத் திறந்து பாக்யலட்சுமியின் மேசையில் பத்து பொம்மை லாரிகளை அடுக்கினாள். ஐந்து சிவப்பு, ஐந்து நீலம்.

"எல்லாம் ரிமோட்டுல ஓடுறதுங்க. திங்கள், வெள்ளி சிறுவாச்சூர் கோயில் கூட்டத்துல பிள்ளைங்களுக்கு வாடகைக்கு விடுறேன். எது தாங்குதோ அதுலயே இருபது வாங்கலாம்னு இருந்தேன். சிவப்புக்கு இரும்பு கியர், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அதுலதான் நாலு செத்துப்போச்சு."

பெரம்பலூரில் விபத்து லாரிகளுக்கு இன்சூரன்ஸ் சேதம் மதிப்பிடுபவள் பாக்யலட்சுமி. அவளிடம் போட்டோ எடுக்கும் வேலை பார்க்கும் வீரமணிக்குச் சிரிப்பு வந்தது.

"மெக்கானிக்குகிட்ட போகலாமேங்க?"

"பழுதுன்னா போயிருப்பேன். என் கொழுந்தன் மகேஷ்தான் கடையப் பாத்துக்குறான். நீல வண்டி விக்கிற அன்பழகன் கடையில இவன் குசுகுசுன்னு பேசுனத நானே பாத்தேன். அவருக்காக இவன் சிவப்பைக் கெடுத்துட்டானோன்னு இருக்கு. நாளைக்குக் காலையில ஆர்டர் சொல்லணும். அவனை அனுப்புறதா, வச்சுக்கிறதான்னு அதுக்குள்ள தெரியணும்."

"எப்பலேருந்து ஓடலே?" என்று கேட்டாள் பாக்யலட்சுமி.

"ஞாயித்துக்கிழமை அரியலூர் பொருட்காட்சியில நல்லாத்தான் ஓடுச்சு. மறுநாள் எடுத்தா சக்கரம் அசையலே."

அவள் குனிந்து பார்த்தாள். செத்த நான்கும் பளபளவென்று இருந்தன. ஓடிய ஐந்தாவது சிவப்பிலும் நீல வண்டிகளிலும் சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தது. செத்த ஒன்றின் கியர் பெட்டியைக் கழற்றினாள். உள்ளே கல் மாதிரி ஏதோ இறுகியிருந்தது.

"பசை ஊத்தியிருக்கான் மேடம்."

"இருக்கலாம்."

ஐந்தாவது சிவப்பிலிருந்த தூசியைப் பேப்பர் கப்பில் தட்டினாள். சில சொட்டு தண்ணீர் விட்டுக் குழைத்து ஜன்னலில் வைத்தாள்.

"வீரமணி, அரியலூர் போயி, கடை போட்ட எடத்தைச் சுத்தி என்ன இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வா. அன்பழகன்கிட்ட போகாதே."

அங்கேதான் முதலில் போக நினைத்திருந்த வீரமணிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

மாலையில் அவன் திரும்பியபோது சிந்தாமணியோடு மகேஷும் உட்கார்ந்திருந்தான்.

"பக்கத்துலயே சிமெண்ட் குடோன் மேடம். மூட்டை எறக்குறாங்க. தரையெல்லாம் தூசி."

பாக்யலட்சுமி மகேஷிடம் கேட்டாள். "முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"சுரங்கத்துலேருந்து சுண்ணாம்புக்கல் ஏத்துற டிப்பர் ஓட்டுனேங்க. ஆறு வருஷம்."

"சாயங்காலம் வண்டி கழுவுவீங்களா?"

"கழுவாம வூட்டுக்குப் போனதில்லீங்க. எவ்வளவு தூசி அப்புனாலும் தண்ணி அடிச்சா ஓடிரும்."

"இதையும் கழுவுனீங்க."

"சிவப்பை மட்டுந்தாங்க. நீலத்துல தண்ணி படக்கூடாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கு. ஒரு சிவப்பு சார்ஜ் தீந்து மேசைக்கடியில கெடந்துச்சு, விட்டுப்போச்சு."

"அதான் அது இன்னிக்கும் ஓடுது." பாக்யலட்சுமி கப்பைக் கவிழ்த்தாள். எதுவும் கொட்டவில்லை. "சுண்ணாம்புக்கல் தூசி தண்ணியில ஓடிரும். சிமெண்ட் தூசி இறுகிரும். நிறம் ஒண்ணுதான், ஆறு வருஷப் பழக்கத்துல இவரு அதையும் சுண்ணாம்புக்கல் தூசின்னு நெனச்சுட்டாரு. கெடுக்க நெனச்சவன் அஞ்சையும் கெடுத்திருப்பான்."

"அப்ப அன்பழகன் கடையில என்ன ரகசியம்?" என்றான் வீரமணி விடாமல்.

மகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "திங்கக்கெழமை காலையில நான்தான் மொதல்ல பாத்தேன். அவருகிட்ட சிவப்புக்கும் கியர் கெடைக்குமான்னு கேட்டேங்க. அண்ணிக்குத் தெரியறதுக்குள்ள மாத்திரலாம்னு."

பாக்யலட்சுமி ஒரு நீலத்தையும் ஐந்தாவது சிவப்பையும் கழற்றி வைத்தாள். நீலத்தின் பிளாஸ்டிக் பற்கள் பாதி தேய்ந்திருந்தன. சிவப்பின் இரும்புப் பற்கள் தூரிகையால் தட்டியதும் புதுசாக மின்னின.

சிந்தாமணி நாளைவரை காத்திருக்கவில்லை. போனை எடுத்து, "இருபதும் சிவப்பு" என்று சொல்லி வைத்தாள். கொஞ்ச நேரம் மகேஷைப் பார்க்காமல் லாரிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"எந்திரி. வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு பிரஷ் வாங்கணும். இனிமே வண்டிகிட்ட தண்ணியக் கொண்டாந்தே, ஒன்னைத்தான் கழுவி விடுவேன்."

"சரிங்க அண்ணி" என்று மகேஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.