நிறுத்தாத ஒலி

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் சுவரிலிருந்த ஒலிபெருக்கி தட்டிக்கொண்டிருந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, சின்ன இடைவெளி, மறுபடியும் அதே. கோலா பிலா ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மேட்டில் நிற்கும் விமான வழிகாட்டி நிலையத்தின் அடையாள ஒலி அது. அதைக் கேட்டால்தான் மேலே பறக்கிற விமானி தன் கருவியின் முள் காட்டும் திசையை நம்பலாம். பழுது பார்க்கும்போது முதல் வேலையாக அந்த ஒலியை நிறுத்திவிட வேண்டும். ஒலி இல்லையென்றால் நம்பாதே என்று அர்த்தம்.

பழுது பார்க்க வந்திருந்த குணாளன் பேட்டரி வயரையும் கழற்றினான். ஒலி நிற்கவில்லை.

பொழுது சாயும் முன்பே புகைமூட்டம் வெயிலை விழுங்கியிருந்தது. எங்கோ எரிகிற சருகின் நெடியும், லாரி வராமல் கீழே குவிந்து கிடந்த செம்பனைக் குலைகளின் புளித்த வாடையும் கதவிடுக்கு வழியே வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

போன மாதம் ஒரு நாளும் இப்படித்தான் புகை. அன்று சோதனைக்காகத் திசையை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒலியை நிறுத்தும் விசை பின்பக்கப் பெட்டிக்குள் இருக்கிறது. துருப்பிடித்த திருகுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். கொஞ்ச நேர சோதனைக்கு யார் அதோடு மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டான். தலைமை நிலையத்திலிருந்து அதிகாரி சித்திக் போனில் கேட்டபோது, நிறுத்தியாயிற்று என்று வாய் கூசாமல் சொன்னான். அந்த நேரம் பார்த்துத்தான் இளம் விமானி தர்மேந்திரனின் சின்ன விமானம் வந்தது. ஒலியைக் கேட்டான், முள்ளை நம்பினான், தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மலையில் மோதிச் செத்தான்.

விசாரணையிலும் குணாளன் அதே பொய்யைச் சொன்னான். ஒலி நின்ற சிக்னலை நம்பிப் பறந்தது பையனின் கவனக்குறைவு என்று நாளை தீர்ப்பாகப்போகிறது. சாவு வீட்டில் பையனின் அம்மா திலகா குணாளனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “எம்புள்ள அப்படி அசால்ட்டா ஓட்டுறவனா தம்பி?” குணாளன் கையை உருவிக்கொண்டான். அந்தக் கையின் சூடு இன்னும் போகவில்லை. நாளைக்குள் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். தினமும் இப்படித்தான் எண்ணி, தினமும் தள்ளிப்போட்டான்.

மேசைமேல் இருந்த கை ரேடியோ கரகரத்தது.

“அண்ணே, தர்மேந்திரன் பேசுறேன். ஒண்ணுமே தெரியலை, ஒரே புகை. உங்க சிக்னல நம்பி வரலாமா?”

இந்த அலைவரிசையில் யாரும் தமிழில் பேசுவதில்லை. குணாளனின் விரல்கள் ரேடியோவை எடுத்தன. வேண்டாம், திரும்பிப் போ என்றால் போதும். ஆனால் சிக்னலை நம்பாதே என்று இங்கே ஒப்புக்கொண்டால் நாளை விசாரணையிலும் சொல்லியாக வேண்டும்.

“வரலாம் தம்பி,” என்றான்.

“சரிண்ணே.”

புகைக்குள் எங்கோ ஒரு இஞ்சின் உறுமியது.

கதவைப் பூட்டக்கூட நிற்காமல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். செம்மண் பாதையில் சரிந்து இறங்கியபோது தட்டல் பின்தங்கும் என்று நினைத்தான். பின்தங்கவில்லை. மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்டது. பல்லில் அதிர்ந்தது. நெஞ்சில் அதிர்ந்தது.

மேலே விமானத்தின் இஞ்சின் சத்தமும் திரும்பியது. நிலையத்தை விட்டு, அவன் பக்கமாக.

இடப்பக்கம் வளைந்தான். அதுவும் வளைந்தது. மரங்களுக்கு அடியில் நின்றான். மேலே வட்டமிட்டது. காத்திருந்தது.

வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. வேறு எங்கே போவதென்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவி விமலா சாம்பல் படியும் முன் கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“என்னங்க, உங்களுக்குள்ளேர்ந்து என்னமோ சத்தம் வருது.”

சொல்லிவிட வேண்டும். இப்போதே. இவளிடமாவது. ஒலியை நான் நிறுத்தவில்லை, அந்தப் பையன் மேல் தப்பில்லை. வாயைத் திறந்தான்.

நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

மறுபடி முயன்றான். அதே. விமலா பின்வாங்கினாள். உள்ளே ஓடு என்று கத்தினான். அதே. கையை ஆட்டினான். அவளுக்குப் புரியவில்லை. வாசலிலேயே நின்றாள்.

செம்பனை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. துணிகள் பறந்தன. புகைக்குள் ஒரு விளக்கு. தாழ்வாக. நேராக. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கை வார் பூட்டிய ஒருவன் குனிந்து, முள்ளையே பார்த்தபடி வந்தான். பாதி முகம்தான் மிச்சம் இருந்தது. அதில் கோபமே இல்லை. அண்ணன் சொல்லிவிட்டார், இனி பயமில்லை என்று அது சிரித்துக்கொண்டிருந்தது.