ஊதுகொம்பின் குமிழ்

தெருக்குழாயில் தண்ணீர் வரவேண்டுமானால் முதலில் நாச்சியாள் காபி குடித்து முடிக்க வேண்டும். மாவட்டமே அவளைக் கேலி செய்யும் பேச்சு இது, பொய்யும் இல்லை. விடிந்ததும் ஒவ்வொரு கண்மாயிலும் மூழ்கிக் கிடக்கும் நுண்ணோக்கிக் கேமரா ஒரு துளி நீரைப் படம்பிடித்து அனுப்பும். அந்த வீடியோவில் ஒரே செல்லால் ஆன ஓரணுவுயிர் ஒன்றையாவது உயிரோடு கண்டு, பெயர் சொல்லி, அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அந்தக் கண்மாயின் மடை திறக்கும்.

எல்லாம் கண்மாய்த் தண்ணீரில் தெளிநஞ்சு கலந்தபிறகு செய்த ஏற்பாடு. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, எந்தக் கருவிக்கும் அது பிடிபடவில்லை. மனிதரை மெல்லக் கொல்லும். ஓரணுவுயிர்களை உடனே கொன்றுவிடும். அவை நீந்தினால் நாம் குடிக்கலாம் என்று அரசு விதி எழுதியது. முதலில் இந்த வேலையைக் கணினியிடம்தான் விட்டார்கள். அந்தப் புத்திசாலி காற்றுக்குமிழியை உயிரென்று சொல்லி ஓர் ஊரையே படுக்கவைத்த பிறகுதான் மனிதக் கண்ணைத் தேடினார்கள்.

நாச்சியாள் பிறந்த ஊரான கள்ளிவயலின் வீடியோ போன கோடையிலிருந்து வெறிச்சென்று கிடந்தது. ஊர்ச்சனம் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கிப்போய் வசவோடு தண்ணீர் வாங்கி வந்தது. தம்பி மலைச்சாமி தினமும் போனில் கேட்பான். அவளும் தினமும் இல்லை என்பாள்.

அன்றைக்கு இருந்தது. பாடப்புத்தகத்தில் ஸ்டென்டார், அலுவலகத்தில் ஊதுகொம்பு. அழுகிய இலையொன்றில் காலூன்றி, வாயைச் சுற்றிய மயிரிழைகளைச் சுழற்றியபடி நின்றது. உடம்புக்குள் புகும் நீரை வெளியேற்றும் குமிழ் நிரம்புவதும் சுருங்குவதுமாகப் படபடவென்று அடித்தது. குமிழ் விரைந்தால் உயிர் திடமாக இருக்கிறது என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். நாச்சியாளுக்கு அழுகை வந்துவிட்டது. பச்சையை அழுத்திவிட்டுத் தம்பியை அழைத்தாள்.

பச்சையான வீடியோவை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அவள் ஆசைக்காக மதியம் பார்த்தாள். பக்கத்திலேயே பழைய பதிவையும் ஓடவிட்டாள். நல்ல நாளில் கள்ளிவயல் ஊதுகொம்பின் குமிழ் நிதானமாகத்தான் சுருங்கியது. நஞ்சு புகுந்த அன்று மட்டும் இதேபோலப் படபடத்தது. சற்று நேரத்தில் உடம்பு வெடித்துக் கரைந்தது. இன்றைய ஊதுகொம்பு வெடிக்கவில்லை. ஓட்டைப் படகில் இருப்பவன் தண்ணீரை இறைப்பதுபோல, உள்ளே வரும் நஞ்சை இறைத்து இறைத்து வாழப் பழகிவிட்டது.

மற்ற கண்மாய்களின் வீடியோக்களையும் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே படபடப்பு. நல்ல திடம் என்று மகிழ்ந்து அவளே பச்சை அழுத்தியவை அத்தனையும். தலைமையகத்துக்கு விவரம் சொன்னாள். உயிர் இருக்கிறதா இல்லையா, விதி கேட்பது அவ்வளவுதானே என்று திருப்பிக் கேட்டார்கள்.

கள்ளிவயலில் மடையருகே பொங்கல் வைத்து முடித்திருந்தார்கள். ஊரே குடித்தாகிவிட்டது. அவள் போனில் சொன்னதை மலைச்சாமி குறுக்கிடாமல் கேட்டான்.

“அப்ப எந்தக் கண்மாய்த் தண்ணியக்கா நல்ல தண்ணி?”

“எதுவுமே இல்லடா.”

 அவனுக்குப் பின்னால் யாரோ குடம் நிறைக்கும் சத்தம் கேட்டது.

“எல்லாக் கண்மாயையும் மூடுனா இந்த வாரமே நாக்கு வறண்டு சாவோம். தொறந்தா மெல்லத்தானக்கா சாவோம். இங்க யாருக்கும் நான் சொல்லமாட்டேன். நீ பச்சையவே அமுக்கு.”

மறுநாள் விடிந்தது. நாச்சியாள் முந்தின நாள் குழாயில் பிடித்த அதே நஞ்சுத் தண்ணீரில் போட்ட காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கள்ளிவயல் வீடியோவைத் திறந்து, “ஊதுகொம்பு, உயிரோடு இருக்கிறது” என்று சொல்லிப் பச்சையை அழுத்தினாள்.