கட்டில் பங்காளி

வாசலில் நின்றபோதே பெரியவனுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஆனால் ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தண்ணீர்ப் பாட்டில். நாற்றத்தை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு படியேறினான். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் அவன் பெரியவன். ஊரில் அம்மாவோடு இருக்கும் தம்பி சின்னவன். அம்மா பெற்றது அவர்கள் இருவரை மட்டும்தான்.

ஒரு காலத்தில் யாரோ வசதியானவர்கள் வாழ்ந்த வீடு அது. இப்போது அறைகளைப் பலகையால் தடுத்து, இரும்புக் கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோழிக்கூண்டு மாதிரி ஆக்கியிருந்தார்கள். சுவரில் தலைகள் சாய்ந்த இடமெல்லாம் எண்ணெய்க் கறை. மூலையில் காறித் துப்பியது வழிந்து காய்ந்திருந்தது. கொடியில் தொங்கிய ஈரத் துணிகளிலிருந்து புளித்த வாடை வந்தது. ஊரில் மாட்டுக் கொட்டகையைக்கூட இப்படி வைத்திருந்தால் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

கட்டில்களை வாடகைக்கு விடும் அறைக்காரர் சாவியால் காதைக் குடைந்தார். அதே சாவியால் கீழ்க்கட்டில் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இதான் உன்னோடது. பகல் பூரா நீ படுத்துக்கலாம். ராத்திரிக்கு உன் பங்காளி."

"பங்காளியா?"

"ஒரே கட்டிலைப் பங்கு போட்டுக்கறவன் பங்காளிதானே? நீ ராத்திரி வேலை. அவன் பகல் வேலை. ரெண்டு பேரும் மூஞ்சியைக்கூடப் பாத்துக்க மாட்டீங்க. அதனால சண்டையும் வராது."

அந்தச் சொல் பெரியவனுக்குச் சுருக்கென்றது. ஊரில் பெரியப்பா மகன்தான் அவனுக்குப் பங்காளி. வரப்பை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போட்டு, இவர்கள் கிணற்றைக் காய வைத்தவன். பிறகு தன் பங்கை மனைக்காரர்களுக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். சோளம் நின்ற இடத்தில் இப்போது மனைக்கு எல்லை காட்டும் மஞ்சள் கல் நிற்கிறது. தண்ணீர் இல்லாத நிலத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? தெருவே ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. கடைசியில் பெரியவனும் கிளம்பினான். அங்கே நிலத்துக்குப் பங்காளி, இங்கே மெத்தைக்குமா என்று வயிறு எரிந்தது.

மெத்தைமேல் கையை வைத்தான்.

சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

சீ என்று கையை உதறினான். இப்போதுதான் எழுந்து போயிருக்கிறான் போல. வேர்வையாக இருக்கும். வேர்வையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு துண்டை விரித்துப் படுத்தான். சண்டை போட்டுச் சலித்தவன் என்பதால், படுக்கும் முன் காலியான கட்டிலைப் பார்த்துச் சமாதானமாகவே பேசினான்.

"பாதி உனக்கு, பாதி எனக்கு பங்காளி. நமக்குள்ள தகராறு வேண்டாம்."

வேலை, கழிவுநீர்ப் பம்பு நிலையத்தில். நகரம் கழித்ததெல்லாம் பெரிய வாய்க்கால் வழியாக வந்து ஓர் ஆழமான கிணற்றில் விழும். கிணற்றுக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. அதில் சிக்குவதை நீளக் கொக்கியால் இழுத்து வெளியே போடுவதுதான் பெரியவன் வேலை. கந்தல் துணி, குழந்தைகளின் அணையாடை, உப்பிய எலி, எல்லாவற்றுக்கும் மேலாக மயிர். கட்டுக் கட்டாக மயிர். எத்தனை தலைகள் இந்த நகரத்தில் குளிக்கின்றனவோ! ஒவ்வொரு மாதமும் புதுத் தெருக்கள் முளைத்தன. பம்பு மட்டும் அதே பழைய பம்பு. ஊரில் கிணறு நிரம்பாதா என்று ஏங்கியவன், இங்கே நிரம்பி நுரைக்கிற கிணற்றைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு நின்றான்.

காலையில் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் கட்டிலுக்கு வருவான். அப்படியும் அங்கே அதே நாற்றம் காத்திருக்கும். பங்காளியும் சாக்கடை வேலைக்காரன்தான் போல என்று முடிவு கட்டினான். குளிக்காமலே படுக்கிறான், பன்றி. தலையணையில் பழுப்பாக ஒரு முகத்தின் அச்சு விழுந்திருந்தது. திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் அதே முகம். மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் காய வைத்தான். அதிலிருந்து கறுப்பாக நீர் சொட்டி, மாடித் தரையில் ஓடையாகப் போனது. பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டான். மறுநாள் விரிப்புக்கு மேலேயே ஈரம்.

கோபம் வந்தாலும், அவனும் நம்மைப்போல் பிழைக்க வந்தவன்தானே என்று புது சோப்பு ஒன்றைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் சோப்பு அங்கேயே இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி மயிர் இறுகியிருந்தது, தடுப்புக் கம்பியில் இறுகியிருப்பதைப் போல.

பெரியவன் அன்று பல் துலக்கும்போது வாயிலிருந்தும் ஒரு நீள மயிரை இழுத்தான். அது அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் சூப்பர்வைசர் தோளில் கை போட்டார். "உனக்குத் தம்பி இருக்கானாமே? வரச் சொல்லேன். நல்ல பையனா இருந்தா இங்கேயே ஒரு வேலை காலியா இருக்கு."

பெரியவனுக்குத் தலைகால் புரியவில்லை. சின்னவன் கண்ணுக்கெதிரே இருப்பான், அந்த மஞ்சள் கல்லைப் பார்த்துக்கொண்டு வீணாகப் போக மாட்டான். அந்த ஒன்றுக்காகத்தானே இந்தப் பீநாற்றத்தைச் சகித்துக்கொண்டிருக்கிறான்! ஊருக்குப் போன் போட்டான். கட்டிடத்தின் முகவரியைச் சொன்னான். அன்று காலை கட்டிலில் உட்கார்ந்து, ஈரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருப்பது போலச் சொன்னான்.

"என் தம்பி வர்றான் பங்காளி. எனக்குத் தம்பின்னா உனக்கும் தம்பிதான். கொஞ்சம் நகர்ந்து அவனுக்கும் இடம் குடு."

மெத்தை மெதுவாக ஒரு பக்கம் மேலெழுந்தது.

யாரோ புரண்டு படுத்ததைப் போல.

பெரியவன் துள்ளி எழுந்தான். ஸ்பிரிங் பழசு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் திரும்பப் படுக்கவில்லை.

அன்று அவனுக்கு வார விடுமுறை. பங்காளியை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று சாயங்காலம் வரை காத்திருந்தான். பகலில் தூங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இரவுக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் விழுந்தான், பேச்சில்லை, முகமில்லை. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எல்லாக் கட்டிலும் நிரம்பியது.

பெரியவனின் கட்டிலுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

மேல்கட்டிலுக்கு ஏறப்போன பெயிண்டர் ஒருவரை நிறுத்தினான். "என் பங்காளி இன்னும் வரலையா?"

பெயிண்டர் விநோதமாகப் பார்த்தார். "எந்தப் பங்காளி? இதுல ராத்திரி யாரும் படுக்கறதில்லையே. நீ வர்றதுக்கு முன்னாடியிருந்தே காலிதான்."

"காலையில சூடா இருக்குங்க."

பெயிண்டரின் கை ஏணியிலேயே நின்றது. கீழே இறங்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். "முன்னாடி ஒருத்தன் படுத்திருந்தான். பம்பு நிலையத்துல கிணத்துக்குள்ள இறங்கி அடைப்பு எடுக்கற வேலை. ஒருநாள் ஏணியில மூணாவது படி உடைஞ்சு உள்ள விழுந்துட்டான். வெளிய எடுத்தாங்கன்னும் சொன்னாங்க, எடுக்கலைன்னும் சொன்னாங்க."

"அவங்க வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்? பேரே தெரியாதுப்பா. பங்காளி, பங்காளின்னுதான் எல்லாரும் கூப்பிட்டோம். தனக்கு யாருமே இல்லைன்னு அடிக்கடி சொல்லுவான்."

அறைக்காரரிடம் ஓடினான். அவர் காதைக் குடைவதை நிறுத்தவில்லை. "செத்துட்டானா? எனக்கு யாரும் சொல்லலையே. எந்தக் கட்டில்ல யாரு படுக்கறான்னு நான் விளக்கு பிடிச்சா பாத்துட்டிருக்க முடியும்?"

காலியாக இருக்கும் வேலை எது என்று பெரியவனுக்கு இப்போது புரிந்தது. தம்பியை அந்தக் கிணற்றுக்குத்தான் அழைத்திருக்கிறான். உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அவன் சாயங்காலமே பஸ் ஏறிட்டானேடா. நீதானே வரச் சொன்னே?"

பேருந்து நிலையத்துக்கு ஓடி, விடிய விடிய வந்த ஒவ்வொரு பேருந்தின் வாசலிலும் போய் நின்றான். சின்னவனைக் காணவில்லை. வெளுத்ததும் கட்டிடத்துக்குத் திரும்பி ஓடி வந்தான்.

சின்னவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலை நனைந்திருந்தது. முகத்தில் நல்ல தூக்கத்தின் தெளிவு.

"டேய்! எப்படா வந்தே? நான் அங்க நாயா அலையறேன்!"

"நீ வர மாட்டேன்னு சொன்னாரே. அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டு வந்துட்டாரு."

"யாரு?"

"சின்னண்ணன்."

"நமக்கு ஏதுடா சின்னண்ணன்?"

சின்னவன் சிரித்தான். ஈறுகளுக்கிடையே கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. "என்னண்ணே விளையாடறே? ராத்திரி பூரா அவர் பக்கத்துலதானே படுத்திருந்தேன். நகர்ந்து இடம் குடுத்தாரு. இன்னைக்கே வேலையில சேர்ந்துடலாமாம். மேலேர்ந்து மூணாவது படி இல்லையாம். தாண்டிக் காலை வைக்கணுமாம்."

பெரியவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். நெடுநேரம் தண்ணீரில் ஊறியதைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது அந்தக் கை. சூடாகவும் இருந்தது. மெத்தையைத் தொட்டுப் பார்த்தான்.

முதல் முறையாக அது காய்ந்திருந்தது.

சில்லென்று ஆறியிருந்தது.

வேலையும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம் என்று துணிப்பையைக்கூட எடுக்காமல் தம்பியை இழுத்துக்கொண்டு பேருந்து ஏறினான். அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். சின்னவன் அவன் தோளில் சாய்ந்து தூங்கினான். இடையில் இருமி, கைக்குட்டையில் ஒரு சுருள் மயிரைக் கக்கினான். பெரியவன் அதைக் கைக்குட்டையோடு ஜன்னல் வழியாக வீசினான். வழியெல்லாம் மஞ்சள் கற்கள் வந்தன. பிறகு பூட்டிய வீடுகள். பிறகு அவர்கள் தெரு. மூச்சை இழுத்துப் பார்த்தான். புழுதி வாசனை மட்டும்தான். தம்பியை உயிரோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

மத்தியான வெயில். அம்மா எதிர்பார்த்துக் காத்திருந்தாள். எதுவும் கேட்காமல் கூடத்தில் தட்டு வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான் பெரியவன். சின்னவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

மூன்று தட்டுகள் இருந்தன.

"நீயும் இப்பவே சாப்பிடறியாம்மா?"

"எனக்கென்ன அவசரம்? முதல்ல நீங்க சாப்பிடுங்க." மூன்று தட்டிலும் சோறு போட்டாள் அம்மா. நடுத்தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, காலியான இடத்தை வாஞ்சையோடு பார்த்தாள். "பாவம், இவன்தான் ரொம்ப இளைச்சுப் போயிருக்கான்."

நடுத்தட்டின் ஓரத்தில் கறுப்பாக நீர் கசிந்தது.

"அம்மா..."

"என்னடா முழிக்கறே? நகர்ந்து உட்காரு. நடுவுலவனுக்கு இடம் குடு."

பெரியவன் கையை ஊன்றி நகர்ந்தான். ஊன்றிய இடத்தில் தரை ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது.