வளைவுக்குப் பின்னால் ஓர் அலறல்

"செல்ஸோ...ஓ...ஓ...!"

மலைச்சரிவில் பட்டுத் தெறித்தது அந்த அலறல். பனிமூட்டத்துக்குள் புகுந்தது. பாதியிலேயே அறுந்தது!

செல்ஸோ நின்றான்.

கையிலிருந்த ஊன்றுகோல் ஈரப் பாறையில் சறுக்கியது. வளைவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். சற்று முன்பு டோபியாஸை உட்காரவிட்டு வந்தானே... அதே இடம்!

திரும்பிப் போகலாமா?

'ஆரம்பிச்சுட்டான்யா!' என்று பல்லைக் கடித்தான்.

முந்தாநாளும் இப்படித்தான் ஓர் அலறல். பாம்பு என்றான். பதறியடித்து ஓடிப் போய்ப் பார்த்தால், பாறை மேல் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தான். நேற்று நெஞ்சுவலி! அதற்கும் ஓடினான் செல்ஸோ. அதற்கும் சிரிப்பு!

டோபியாஸ் அப்படித்தான். ஸமோரா நகரத்தில் முடிதிருத்தும் கடை. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட அவன் அளப்பதைக் கேட்க வருகிறவர்களே அதிகம். செல்ஸோ அதே தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். முன்கோபி. பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள். மனைவி விட்டுப் போனபின் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த செல்ஸோவை, "எழுந்திருடா, சந்தியாகோ கோயிலுக்கு நடந்தே போய்ட்டு வரலாம்!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தவனும் டோபியாஸ்தான்.

நல்ல மனசுதான். ஆனால் ராத்திரி முழுக்கக் குறட்டை... பகல் முழுக்கப் பேச்சு! இன்று காலையில் சத்திரத்து வாசலில், யாத்ரீகர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் கத்தித் தீர்த்திருந்தார்கள்.

அந்தச் சூட்டோடு மலை இறங்கும்போதுதான், மூச்சு வாங்குகிறது என்று கல் மேல் உட்கார்ந்தான் டோபியாஸ்.

"கொஞ்சம் நில்லுடா!"

"நீ உக்காரு. ஆயுசு பூரா உக்காரு. நான் போறேன்!"

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவன், இப்போது ஓடிப் போய் மூக்குடைபடுவதா?

செல்ஸோ திரும்பவில்லை.

கீழே இறங்கி நடந்தான்.

எல் அசேபோ கிராமத்து ஒயின் கடை. கணப்பில் கட்டை வெடித்தது. தட்டில் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து வார்த்த அடை ஆறிக்கொண்டிருந்தது. செல்ஸோவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கதவு திறந்தது. சட்டென்று நிமிர்ந்தான்.

டோபியாஸ் இல்லை... ஃபாதர் ஹெனாரோ!

கழுத்தில் வெள்ளைப் பட்டை. முதுகில் பெரிய பை. லியோன் நகரத்திலிருந்தே இவர்களோடு முன்னும் பின்னுமாக நடந்து வருகிற பாதிரியார். யார் காலில் கொப்புளம் என்றாலும் மருந்தோடு வந்து நிற்பார்.

"என்ன செல்ஸோ, தனியா உக்காந்திருக்கே? நம்ம வாயாடி எங்கே?"

"பின்னால வரான் ஃபாதர். நீங்க பாக்கலையா?"

"நான் தார் ரோட்டு வழியா வந்தேம்ப்பா. இந்தக் கல்லுப் பாதை என் முட்டிக்கு ஒத்துக்காது."

செல்ஸோ இரண்டு வாய் ஒயின் குடித்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஃபாதர்... பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஒரு பாவத்தை உங்ககிட்ட சொல்லியாகணும்."

"இங்கேயா? ஒயின் கடையிலயா?"

"இங்கேயே. என்னால முடியலை."

ஃபாதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் கத்தினான் ஃபாதர். என் பேரைச் சொல்லிக் கத்தினான். நல்லாவே கேட்டுச்சு. நான்... நான் திரும்பிக்கூடப் பாக்கலை."

ஃபாதர் அவனையே பார்த்தார்.

"வேற யார் காதுலயாவது விழுந்திருக்குமா?"

"பாதையில வேற ஆளே இல்ல."

"அப்ப விடு. கடவுள் மன்னிச்சாச்சு." முதுகில் தட்டிக்கொடுத்தார். "ஒத்தைக் கால் பூட்ஸோட அந்த மனுஷன் நொண்டி நொண்டி வந்து சேர நேரமாகாதா? வந்து உன்னை நாலு திட்டு திட்டுவார். வாங்கிக்கோ. அதான் உனக்குத் தண்டனை!"

செல்ஸோவுக்கு மனசு லேசானது. அடையைப் பிய்த்து வாயில் போட்டான்.

வெளியே சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது!

"ஓடி வாங்க! பள்ளத்துல ஒரு ஆள் கிடக்கறார்... மண்டையெல்லாம் ரத்தம்!"

அடை வாயிலேயே நின்றது.

கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். கம்பளியால் கழுத்து முதல் கால் வரை சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. எப்போதும் பேசிக்கொண்டிருக்கிற அந்த வாய் கோணிக் கிடந்தது.

"உயிர்...?" என்றான் செல்ஸோ.

"ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார்கள்.

ஆம்புலன்ஸ் கதவு அறைந்து சாத்தப்பட்டது. செல்ஸோவின் தோளை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

ஃபாதர்.

"நான் சொல்றதைக் கேளு. சத்தம் கேட்டதுன்னு போலீஸ்ல மூச்சு விடாதே. காலையில நீங்க சண்டை போட்டது ஊருக்கே தெரியும். உன்னையே புடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. என்கிட்ட சொல்லிட்டே... கடவுள்கிட்ட சொன்ன மாதிரி. அதோட முடிஞ்சுது!"

செல்ஸோ தலையாட்டினான். போலீஸ் பயம் பாதிதான். 'கூப்பிட்டான்... நான் போகலை' என்று இன்னொரு மனிதனிடம் சொல்ல நாக்கு கூசியது.

சார்ஜன்ட் அம்பாரோ சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி வந்தாள். ஒல்லி. கண் மட்டும் பெரிது.

"கடைசியா எப்படி விட்டுட்டு வந்தீங்க?"

"கல் மேல உக்காந்திருந்தான் மேடம். மூச்சு வாங்குதுன்னான். நல்லாத்தான் இருந்தான்."

"அப்புறம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

செல்ஸோ தரையைப் பார்த்தான்.

"இல்ல."

ஒரே சொல். அதைச் சொன்ன வாயை அங்கேயே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்போ நீங்க கீழ வந்து சேர்ந்தப்புறம்தான் விழுந்திருக்கணும்" என்றாள் அம்பாரோ. "அந்த நேரத்துல மலை இறங்கின அத்தனை பேரும் கடையில இருந்திருக்கீங்க... நீங்க, ஃபாதர், எல்லாரும். வழுக்கித்தான் விழுந்திருக்கார். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரேன். டாக்டர் வாயால கேட்டுட்டு எழுதிடலாம்."

பொன்ஃபெர்ராதா ஆஸ்பத்திரி. சாயங்காலம்.

டோபியாஸின் மனைவி காசில்டா ஸமோராவிலிருந்து காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவனே செல்ஸோதான். அவனைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே செல்ஸோ... அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். 'செல்ஸோ கூட இருக்கான், நீ கவலைப்படாம தூங்கு'ன்னு தினமும் போன்ல சொல்வார்."

செல்ஸோ கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. விரல்களை முத்தமிட்டாள்!

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"காசில்டா... வேண்டாம்மா..."

"இன்னும் கண்ணு முழிக்கலை. தலையில ஆறு தையல். கால் எலும்பு ரெண்டு இடத்துல போச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், வலது கால்ல பூட்ஸே இல்ல. மேல கல்லு பக்கத்துலயே இருந்துச்சாம். ஏன் செல்ஸோ? ஏன் கழட்டினார்?"

"கழட்டலையே... நான் வரும்போது ரெண்டு கால்லயும்..."

செல்ஸோ நிறுத்தினான்.

ஒயின் கடை. கணப்பு. முதுகில் தட்டிய கை. 'ஒத்தைக் கால் பூட்ஸோட அந்த மனுஷன்...'

சைக்கிள்காரன் வந்து கத்துவதற்கு முன்பே சொன்ன வார்த்தை! தார் ரோட்டில் வந்த மனிதர்... டோபியாஸைப் பார்க்கவேயில்லை என்ற மனிதர்!



"காசில்டா! டோபியாஸ் பக்கத்துல இப்போ யாரு இருக்கா?"

"ஃபாதர்தான். மனசு கேக்கலைன்னு பஸ் புடிச்சு வந்திருக்கார். தனியா ஜெபம் பண்ணணும்னார். நான்தான் உள்ள அனுப்பி..."

செல்ஸோ ஓடினான்!

வராந்தாவில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்த அம்பாரோ திரும்பினாள்.

"என்ன? என்னாச்சு?"

"மேடம், பொய் சொன்னேன்! அவன் கத்தினான்! என் பேரைச் சொல்லிக் கத்தினான்... கேட்டும் கேக்காத மாதிரி வந்துட்டேன்! அப்போ ஃபாதர் கடைக்கே வந்து சேரலை! ஒரு கால்ல பூட்ஸ் இல்லைன்னு அந்தாளுக்கு முன்னாடியே தெரியும்!"

வராந்தா முழுக்க எதிரொலித்தது. நர்சுகள் நின்றார்கள். பின்னால் ஓடி வந்த காசில்டாவும் நின்றாள்.

செல்ஸோ அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அறைக் கதவில் தோளை இடித்தான்.

திறக்கவில்லை. உள்ளே நாற்காலி முட்டுக் கொடுத்திருந்தது!

இன்னொரு இடி. நாற்காலி கால் முறிந்தது.

கட்டிலில் டோபியாஸ். அவன் முகத்தின் மேல் ஒரு தலையணை. தலையணையின் மேல் இரண்டு கைகள். அதற்கும் மேலே... அந்த வெள்ளைக் கழுத்துப் பட்டை!

"டேய்!"

செல்ஸோ பாய்ந்தான். இருவரும் உருண்டார்கள். சுவரில் செல்ஸோவின் மண்டை மோதியது. ஃபாதரின் கையில் கத்தி மின்னியது!

"போடுய்யா அதை!"

அம்பாரோவின் துப்பாக்கி ஃபாதரின் காதுக்குப் பின்னால் குளிர்ந்தது.

கத்தி விழுந்தது.

கட்டிலில் டோபியாஸின் நெஞ்சு ஒரு தரம் விம்மியது. மறுபடி... மறுபடி... மூச்சு ஓடியது.

ஃபாதரின் பையைக் கவிழ்த்தாள் அம்பாரோ. கொப்புள மருந்து. அழுக்குச் சட்டைகள். அவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிய ஒரு வெள்ளிப் பூசைக் கிண்ணம்!

"வழியில நாலு கோயில்ல வெள்ளி காணாமப் போயிருக்கு. பாதிரியாரோட பையை யாரு சோதனை போடுவாங்க?" விலங்கை மாட்டினாள். "இவன் ஃபாதரும் இல்ல, ஹெனாரோவும் இல்ல. என் லிஸ்ட்ல இவனுக்கு வேற பேரு!"

ஆள் தலை குனியவில்லை. செல்ஸோவைப் பார்த்து இளித்தான்.

"என்ன இருந்தாலும் உன் பாவத்தை மன்னிச்சது நான்தானேப்பா!"

அந்த இளிப்பு செல்ஸோவின் உடம்பெல்லாம் சேறாக அப்பிக்கொண்டது.

வராந்தா காலியானது. காசில்டா எதிரே நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அறைந்தால் நல்லது என்றிருந்தது.

அவள் எதுவும் செய்யவில்லை. சற்று முன்பு முத்தமிட்ட அதே உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் டோபியாஸ் கண் விழித்தான். செல்ஸோவுக்கு உள்ளே போகத் துணிவு வரவில்லை. வாசல் பெஞ்சிலேயே கிடந்தான். கடைசியில் காசில்டாவே வந்து, "கூப்பிடறார்" என்றாள். 'வாங்க' என்றுகூட இல்லை.

கட்டில் ஓரமாய் நின்றான் செல்ஸோ. கண் தரையில்.

"என்னடா, சவ ஊர்வலத்துக்கு வந்தவன் மாதிரி நிக்கறே? நான் இன்னும் போகலை!"

"டோபி... நீ கூப்பிட்டே. எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும். காசில்டா சொன்னா."

"உயிருக்குப் போராடறப்ப கூப்பிட்டிருக்கே. நான் நடந்து போய்ட்டேன். போய் உக்காந்து சாப்பிட்டேன்டா! உன் முகத்தைப் பாக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

டோபியாஸ் சிரிக்கவில்லை. செல்ஸோவுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

"உக்காரு. என்ன நடந்ததுன்னு கேளு. நீ போனப்புறம் கொப்புளம் எரியுதுன்னு பூட்ஸைக் கழட்டினேன். பின்னாலேயே அந்தாள் வந்தான். மருந்து எடுக்கறேன்னு பையைத் திறந்தான். வெள்ளிக் கிண்ணம் எட்டிப் பாத்துச்சு. என் வாய்தான் உனக்குத் தெரியுமே! 'என்ன ஃபாதர், கோயிலையே சுருட்டி எடுத்துட்டு வந்துட்டீங்களா?'ன்னு கேட்டேன். கத்தியை எடுத்துட்டான்."

"ஐயோ..."

"என்னைத் தள்ளறதுக்கு முன்னாடி வளைவைப் பாத்தான். 'உன் சிநேகிதன் எவ்வளவு தூரம் போயிருப்பான்? அவனையும் சேர்த்து முடிச்சுடறேன்'னான்." டோபியாஸ் செல்ஸோவின் கையைப் பிடித்தான். "உன்னை உதவிக்குக் கூப்பிடலைடா முட்டாள். 'செல்ஸோ... ஓடு'ன்னு கத்த வந்தேன். பேரைச் சொன்னேன். ஓடுன்னு சொல்றதுக்குள்ள தள்ளிட்டான்!"



காப்பாற்றச் சொல்லி வந்த குரல் இல்லை அது. காப்பாற்ற வந்த குரல்!

அதைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறான். பல்லைக் கடித்திருக்கிறான். கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வெகுநேரம் அழுதான். மனைவி போனபோதுகூட அப்படி அழுததில்லை. காசில்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ... ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"போதும்டா, போர்வை நனையுது" என்றான் டோபியாஸ். "கட்டு போட்டு முடிச்சதும் கிளம்பணும். சந்தியாகோ இன்னும் தூரம் கிடக்கு."

"உன்னால எப்படிடா? நடக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"நடக்கக் கூடாதுன்னார். போகக் கூடாதுன்னு சொல்லலை!"

சுவரோரம் நின்ற சக்கர நாற்காலியைக் கண்ணால் காட்டினான் டோபியாஸ். பழைய குறும்பு முகத்தில் முழுசாக வந்து உட்கார்ந்தது.

"என்னைத் தள்ளினவன் ஜெயிலுக்குப் போயாச்சு. அந்த வேலை இப்போ காலியா இருக்கு... வந்து தள்ளுடா!"